பதினேழாம் எண் கத்தி

அண்ணன் கதவைத் தட்டவில்லை, உதைத்தான். தாழ்ப்பாள் திருகாணிகளோடு பிய்ந்து வந்து டீச்சரம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். உள்ளே அவன் தங்கையோடு சேர்த்து நான்கு பெண்கள் முழங்காலில் நின்று அவன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக்கு நேர் மேலே அவனுடைய படுக்கை. ஆறு நாள் இறைச்சி வெட்டிய உடம்பை அன்று ஒரு நாள்தான் கிடத்துவான். நான்கு குரல் சேர்ந்து தன் பெயரைச் சொல்லி அழுவதைத் தரை வழியாகக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் படுத்திருப்பான்?

"நான் செத்துட்டேனா?" என்று கேட்டான். "எதுக்கு இந்த ஒப்பாரி?"

டீச்சரம்மா எழுந்து, தம்பி, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எப்பேர்ப்பட்ட முரடனையும் உட்கார வைத்துவிடும் குரல் அவருக்கு. அவன் உட்காரவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மறுபடியும் அடித்தான். மூன்றாவது அடியில் நாற்காலியின் கால் கழன்று பறந்து போய் டீச்சரம்மாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி ஒரு மூலைக்குப் போனது. புருவத்தில் ரத்தம் கோடாக இறங்கியது. மற்ற இரண்டு பெண்களும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிட்டார்கள்.

தங்கை நடுவில் போய் நின்றாள். நின்றவளை அறைந்தான். உள்ளுதடு பல்லில் பட்டுக் கிழிந்து வாய் நிறைய உப்புக் கரித்தது.

"அம்மா எழுந்திரிச்சாங்களா?" என்று கேட்டான்.

எப்போது சண்டை வந்தாலும் கடைசியில் அவன் வந்து நிற்கும் கேள்வி அது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே டீச்சரம்மா கட்டிலைச் சுற்றி ஆட்களை நிறுத்தி ஜெபம் பண்ணிவிட்டு, வெள்ளிக்கிழமை உங்கள் அம்மா எழுந்து நடப்பார் என்று சொன்னார். அண்ணன் அதை நம்பினான். வம்பே அவன் நம்பியதில்தான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அம்மா காலுக்கு அளவு பார்த்துப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனான். அம்மா காலையிலேயே போய்விட்டிருந்தாள். அந்தச் செருப்பு இன்னும் அட்டைப் பெட்டி பிரிக்காமல் அவன் அலமாரிக்கு மேல் இருக்கிறது.

தங்கைக்கு அதைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. முந்தைய நாள் அம்மாவிடம், என்னோடு சேர்ந்து ஒரு வார்த்தை ஜெபம் பண்ணும்மா என்று கேட்டிருந்தாள். அசதியா இருக்குடி, நாளைக்குப் பாக்கலாம் என்றாள் அம்மா. நாளை வரவில்லை. ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமலே போன அம்மா இப்போது எங்கே இருக்கிறாள் என்று நினைக்க ஆரம்பித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மிச்சம் இருப்பது இந்த ஒரு அண்ணன். இவனையும் அப்படிப் போகவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய உயிர்ப்பிரச்சினை. அவனுக்கோ அது வீட்டுக்குள் ஓடும் ஒரு தொந்தரவு, சொட்டுகிற குழாய் மாதிரி. சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கண்ணை மூடினால் போதும், இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு லாரி ஹாரன் மாதிரி ஓர் இரைச்சல் எழுப்புவான். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து, முடிஞ்சுதா, கையை எடுக்கலாமா என்பான். நல்ல நாளில் அது வேடிக்கை. கெட்ட நாளில் தட்டு பறக்கும். கட்டியவள் அந்தக் கைக்குப் பயந்துதான் இரண்டே வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கல்யாணமே ஆகாத தங்கை மட்டும் கூட இருந்தாள்.

அன்று அவன் மாடிக்குப் போன பிறகு, டீச்சரம்மாவின் புருவத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டே தங்கை அழுதாள். டீச்சரம்மா அழவில்லை. அவருக்கு இந்த மாதிரி நேரத்தில் குரல் இன்னும் தெளிவாகிவிடும்.

"அவன் கையிலதான் அந்தக் கோபம் குடியிருக்குது. தலையணையிலயும் சட்டையிலயும் தடவி என்ன பிரயோஜனம்? அந்தக் கை எதைப் பிடிக்குதோ அதுல தடவு. தடவினதைத் துடைக்காதே."

எண்ணெயைப் பற்றிச் சொன்னார். டீச்சரம்மா ஆலிவ் எண்ணெயை வைத்து மணிக்கணக்கில் ஜெபித்து, காலியான கண்சொட்டு மருந்துக் குப்பிகளில் நிரப்பித் தருவார். வழிக்கு வராத புருஷன், பிள்ளை, அண்ணன் தம்பி உள்ள பெண்கள் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஆளுக்குத் தெரியாமல் அவன் பொருளில் ஒரு சொட்டுத் தடவி, அவன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கை பதினோரு வருஷமாகத் தடவி வந்தாள். சட்டைக் காலரில் கறை பார்க்கும்போதெல்லாம் அண்ணன், இந்தச் சோப்பு அழுக்கை எடுக்குதா, போடுதா என்று சோப்பைத் திட்டுவான்.

அண்ணனும் தங்கையும் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவன் வெட்டும் கூடத்தில், எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரிக்கும் மேஜையில். அங்கே அவனுக்குப் பெயர் பட்டாசு. அவள் கருவி அறையில். அவளை எல்லோரும் அல்லேலூயா அக்கா என்பார்கள். கேலியாக ஆரம்பித்து, கேலி தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் கத்திகள் அவளிடம் வரும். கொதிநீரில் கழுவி, காயவைத்து, ஒவ்வொருவர் எண் போட்ட பெட்டியிலும் மூன்று கத்தி, ஒரு தீட்டுக்கம்பி, இடது கைக்கு ஒரு சங்கிலிக் கையுறை என்று அடுக்கி, காலை ஆறு மணிக்குச் சின்ன ஜன்னலைத் திறந்து கொடுப்பாள். கத்தி பிடிக்கும் வலது கைக்குக் கையுறை கிடையாது. அந்தக் கை வெறுங்கையாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடி தெரியாது.

திங்கட்கிழமை அவள் ஐந்தரைக்கே போய் அண்ணனின் பதினேழாம் எண் பெட்டியைத் திறந்தாள். உதடு வீங்கி, மூக்குக்குக் கீழே தனியாக ஒன்று தொங்குவது போல் இருந்தது. நடுக் கத்தியை எடுத்தாள். அவன் அதிகம் பிடிப்பது அதைத்தான். ஒரு சொட்டுதான் விட வேண்டும். அவள் குப்பியை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். கைப்பிடி முழுக்கக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"என்ன செஞ்சாவது கொண்டு வாங்க ஆண்டவரே. உடைக்கணும்னா உடைங்க."

அதைச் சொன்னபோது உதடு மறுபடி கிழிந்தது. அந்த வேண்டுதலில் அன்பு எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

ஆறு மணிக்கு அண்ணன் ஜன்னலுக்கு வந்தான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியை வாங்கியதும் அங்கேயே திறந்து, மூன்று கத்தியின் கைப்பிடியையும் ஏப்ரனில் அழுத்தித் துடைத்து, கூர் பார்த்துவிட்டுத்தான் நகருவான். இருபது வருஷப் பழக்கம். அன்று பெட்டிக்குக் கை நீட்டியவன் அவள் வாயைப் பார்த்தான். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

"டீச்சருக்குக் கண்ணாடி நான் மாத்திக் கொடுக்கறேன்னு சொல்லு," என்றான்.

அவள் சரி என்றாள். அவன் பெட்டியைத் திறக்காமலே போய்விட்டான். வெட்கம்தான். அவனுக்கு வெட்கம் வருவது அபூர்வம். வந்த நாளும் அப்படி ஒரு நாளாகப் போயிற்று.

ஏழு இருபதுக்கு நடந்தது. தோள்பட்டைத் துண்டு ஒன்றைப் புரட்டிப் போட்டு, மூட்டுக்குள் கத்தியை இறக்கித் தன் பக்கம் பலமாக இழுத்தான். கத்தி எலும்பில் மாட்டி நின்றது. கை நிற்கவில்லை. கைப்பிடியிலிருந்து வழுக்கிப் போய் அலகின் முழு நீளத்திலும் ஓடியது. முதலில் அவன் கத்தவேயில்லை. விரல்களை மடக்கப் பார்த்தான். கட்டைவிரல் மட்டும் மடங்கியது. மற்ற நான்கும் வேறு யாருடைய விரல்களோ போல் அப்படியே இருந்தன. உள்ளே நரம்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. மேஜையில் ஏற்கெனவே இருந்த ரத்தத்தில் அவன் ரத்தம் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் வடிகாலுக்குப் போனது.

எதிர் மேஜையில் நின்றவன் ஆறடி இரண்டங்குல ஒல்லி ஆள். கூடத்தில் அவனுக்குப் பெயர் ஒட்டடைக்குச்சி. அவன்தான் தன் ஏப்ரன் கயிற்றை அறுத்து அண்ணனின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். ஏற்கெனவே இரண்டு பேருக்கும் ஆகாது. ஒட்டடைக்குச்சிக்குக் குறும்பு அதிகம். போன வருஷம் அண்ணனின் பூட்ஸுக்குள் கொழுப்பை அள்ளிப் போட்டுவிட்டு அதற்கு இரண்டு பல்லைக் கொடுத்தவன்.

பதினேழாம் எண் கத்தி எட்டு மணிக்குத் தங்கையிடம் வந்தது. கழுவத்தானே அவள் இருக்கிறாள். கொதிநீரில் போட்டாள். ரத்தம் கரைந்து அடியில் போக, மேலே மெல்லிய வளையமாக எண்ணெய் மிதந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். பத்து மணிக்குச் சூப்பர்வைசர் வந்து, கொடுக்கும்போது கைப்பிடி எப்படி இருந்தது என்று விசாரித்தார்.

"சுத்தமா இருந்துச்சு சார்."

அது முதல் பொய்.

ஆஸ்பத்திரியில் நரம்புகளைத் தைத்தார்கள். விரல்கள் கொஞ்சம் மடங்கலாம், கத்தி பிடிக்க முடியாது என்றார் டாக்டர். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். மூன்றாம் நாள் டீச்சரம்மா வந்தார், ஒட்டுப் போட்ட கண்ணாடியோடு. அவன் விரட்டவில்லை, திரும்பவுமில்லை. அதுவே பெரிய அடையாளமாகப் பட்டது அவருக்கு. வராந்தாவுக்கு வந்ததும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, அவனுக்காக நாம் இருந்த உபவாசம் முடிவதற்குள் ஆண்டவர் தொட்டுவிட்டார், வருகிற ஞாயிறு சபையில் நீ சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

தங்கை எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். ஒரு சொட்டு விடச் சொன்னீர்கள், நான் முக்கால் குப்பியை அமுக்கிவிட்டேன் என்றாள்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, எண்ணெயா வெட்டியது, கத்தி அல்லவா வெட்டியது என்றார். ஆண்டவர் சித்தமில்லாமல் ஒரு மயிர்கூட உதிராது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லாத. உனக்காகச் சொல்லலை. ஆண்டவர் பேர் கெட்டுப் போகும்."

தங்கை சாட்சியும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. ஜெபமும் நின்றுபோனது. முழங்காலில் நிற்பாள். அண்ணனை, என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் வார்த்தை வராது. கேட்டதைத்தான் ஆண்டவர் கொடுத்தார் என்றால், அப்படிப்பட்டவரிடம் மறுபடி அண்ணன் பெயரைக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை, வெறும் எண்ணெய்தான் வழுக்கியது என்றால், பதினோரு வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்ற பயம் வந்தது. இரண்டில் எந்தப் பயம் பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அண்ணன் கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு தூக்கி மாட்டிக்கொண்டு, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினான். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கண்ணை மூடவில்லை என்பதை இரண்டாம் நாளே கவனித்துவிட்டான்.

"என்ன, உன் ஆளோட சண்டையா?"

அவள் சோற்றுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் விடவில்லை. இப்பத்தானே மேடம் வசதியா ஜெபம் பண்ணலாம், என்னால ஒரு காதைத்தான் பொத்த முடியும் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மாட்டாமல் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"கைப்பிடியில என்னமோ இருந்துச்சு. கொழுப்பு இல்லை. இருபது வருஷம் கொழுப்புல ஊறின கை இது, எனக்குத் தெரியாதா? எவனோ தடவியிருக்கான்."

எவன் என்று அவனே முடிவும் பண்ணிக்கொண்டான். பூட்ஸில் கொழுப்புப் போட்டவன் கத்தியில் போட மாட்டானா? தூக்கிக்கொண்டு ஓடியதுகூடக் குற்ற உணர்ச்சியில்தான். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்து மாலையே கட்டிவிட்டான். பின்கட்டில் சாக்கு மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, இறைச்சி மாட்டும் கொக்கியை இடது கையில் பிடித்து அதில் குத்திக் கிழிக்கப் பழகினான். முதல் வாரம் குறி தவறியது. இரண்டாம் வாரம் சாக்கு கிழிகிற சத்தம் ஒரே சீராக வர ஆரம்பித்தது. ஒட்டடைக்கு இங்கேயிருந்து இங்கே வரைக்கும் என்று தன் வயிற்றில் கோடு போட்டுக் காட்டுவான்.

தங்கை சமையலறையில் நின்று ஒவ்வொரு கிழிசலையும் கேட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். சொன்னால் அவன் அவளைக் கொல்வான் என்பதுகூட அவளைத் தடுக்கவில்லை. சொன்னால் அப்புறம் சாகும்வரை அவன் ஆண்டவர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அதற்குத்தான் பயந்தாள். அவன் ஆத்துமாவைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டு, அவன் ஒரு கொலைக்குப் பழகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வாரம், உடை அலமாரியின் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகச் சொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. மதிய இடைவேளையில் போனான். கருவி அறையில் கத்தி துடைத்துக்கொண்டிருந்த தங்கைக்கு அவன் வந்தது தெரியாது. உடை மாற்றும் அறையிலிருந்து இரும்பு அலமாரி அதிரும் சத்தம்தான் கேட்டது. ஒன்று. இன்னொன்று. அதன் பிறகு ஒரு மனிதக் குரல், பாதியில் அறுந்தது. அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கூடத்தில் மலையையே கூறு போடுகிறவர்கள், ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஒட்டடைக்குச்சி அலமாரியில் சாய்ந்து பாதி உட்கார்ந்திருந்தான். கன்னம் காதுவரை கிழிந்து தோல் மடிந்து தொங்கியது. சாப்பாட்டு டப்பா மிதிபட்டுச் சோறெல்லாம் சிவப்பாகியிருந்தது. அண்ணன் முழங்காலால் அவன் மார்பை அழுத்தி, கொக்கியின் முனையைக் கழுத்துக் குழிக்குள் வைத்திருந்தான்.

"உன் கையைக் கட்டினவன்டா நான்," என்றான் ஒட்டடைக்குச்சி. வாயில் ரத்தம் கொப்பளித்ததில் பாதிதான் புரிந்தது.

"வெட்டினதும் நீதான்."

கொக்கி ஒரு நெல்லளவு உள்ளே போனது. நீளமான கால்கள் தரையில் உதைத்துக்கொண்டன.

"அண்ணா, அது என் எண்ணெய்," என்றாள் தங்கை.

அவன் காதில் விழவில்லை. அவள் அருகில் போய் ரத்தத்தில் வழுக்கி, அவன் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். விழுந்தபடியே சொன்னாள்:

"கைப்பிடியில தடவினது நான். இவன் இல்லை. இங்க பாரு."

பையிலிருந்து கண்சொட்டுக் குப்பியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏன் இன்னும் அதைக் கூடவே வைத்திருந்தாள் என்றால், தூக்கிப் போடவும் பயம். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அண்ணன் கொக்கியைப் பல்லில் கவ்விக்கொண்டு குப்பியை வாங்கினான். தரையில் ஒரு சொட்டு விட்டு, இடது கைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அந்த விரல் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்தான். ஒட்டடைக்குச்சி பக்கவாட்டில் சரிந்தான். நாலு பேர் ஓடி வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் அவர்களைப் பார்க்கவில்லை. தங்கையின் முடியைப் பிடித்தான். நடைபாதை முழுக்க இழுத்துக்கொண்டு போய்க் கருவி அறைக்குள் தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.

பதினேழாம் எண் பெட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. பல்லில் இருந்த கொக்கியை எறிந்துவிட்டு நடுக் கத்தியை எடுத்தான்.

எத்தனை நாளாக என்று கேட்டான். பதினோரு வருஷம் என்றாள். வேறு எதில் எல்லாம் என்று கேட்டான். தலையணை, காலர், பூட்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"அப்ப நான் சோப்பைத் திட்டினேனே?"

"ஆமா."

அவன் சிரித்தான். அவள் அவனிடம் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்த அளவுக்கு எதற்கும் பயந்ததில்லை.

"என்ன சொல்லித் தடவினே? உங்களுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வசனம் இருக்குமே. சொல்லு."

இங்கேதான் இரண்டாவது பொய்யைச் சொல்லியிருக்கலாம். நல்ல புத்தி கொடுக்கச் சொல்லிக் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"உடைக்கணும்னா உடைங்கன்னு கேட்டேன்."

வெளியே கதவில் யாரோ தோளால் இடித்தார்கள். சூப்பர்வைசர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். அண்ணனுக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. தங்கையின் இடது கையை இழுத்து, கத்தி தீட்டும் பலகையின் மேல் விரித்து வைத்து, மணிக்கட்டைத் தன் வலது முழங்கையால் அழுத்தினான்.

"இனிமே என் பேரை உன் ஆண்டவர்கிட்ட எடுக்க மாட்டேன்னு சொல்லு. இப்பவும், நான் செத்த பிறகும். சொன்னா விட்டுடறேன்."

அவள் வேறு எல்லாம் சொன்னாள். வீட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்றாள். போலீசில் நானே சொல்கிறேன், டீச்சரம்மா வாசலை மிதிக்க மாட்டேன், எண்ணெயைக் கையால் தொட மாட்டேன் என்றாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தான்.

"அதை மட்டும் என்னால சொல்ல முடியாது அண்ணா."

ஆறு வாரமாக அவன் பெயருக்கு அப்புறம் ஒரு வார்த்தை வராமல் முழங்காலில் நின்றவள். இல்லாத ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்கிறான், கொடுத்துவிட்டால் என்ன? முடியவில்லை. தனக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

கத்தி இறங்கியது. விரலுக்குப் பக்கத்தில் பலகையில் குத்தி அவளை மிரட்டத்தான் பார்த்தான். வலது கையாக இருந்திருந்தால் நூலிழை தள்ளிக் குத்தியிருப்பான், அப்படித் தேர்ந்த கை அது. இது ஆறு வாரக் கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையைத் துளைத்துக்கொண்டு பலகையில் நின்றது. அவள் கத்தியையே பார்த்தாள். அவனும் கத்தியையே பார்த்தான்.

"ஐயோ," என்றான் அண்ணன், மெதுவாக. ஏதோ பாத்திரத்தைக் கை தவறிப் போட்டவன் மாதிரி.

பிடுங்கினான். ரத்தம் பீறிட்டு அவன் கட்டுத் துணியில் அடித்தது. அலமாரியிலிருந்து துண்டை இழுத்து அவள் கையில் சுற்றினான். சுற்றத் தெரிந்தது, முடிச்சுப் போட முடியவில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தான், நழுவியது. துண்டு சிவந்துகொண்டே வந்தது. அவன் மூச்சு இரைத்தது. அவள் தன் வலது கையை நீட்டி ஒரு முனையைப் பிடித்தாள். அவன் இடது கை இன்னொரு முனையைப் பிடித்தது. அவள் வளைத்துக் கொடுத்தாள், அவன் நுழைத்தான். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை இழுத்து இறுக்கினார்கள்.

அப்படியும் ரத்தம் கசிந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, அவளையும் உட்காரவைத்து, முடிச்சின் மேல் இடது கையால் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வெளியே இப்போது இரும்புக் கம்பியால் கதவை நெம்பினார்கள். தாழ்ப்பாளின் ஒரு திருகாணி கழன்று உருண்டு அவர்கள் காலடியில் வந்து நின்றது.

"ஒட்டடை பிழைப்பானா?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்றாள்.

"என்னை இழுத்துட்டுப் போகப் போறாங்க."

ஆமாம் என்றாள்.

கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"பண்ணு."

"என்னது?"

"அதான், உன் ஜெபம். எண்ணெய் கிண்ணெய் இல்லாம, என் காதுல விழற மாதிரி பண்ணு. பொத்திக்க என்கிட்டக் கை இல்லை."

அவள் கண்ணை மூடவில்லை. முடிச்சின் மேல் இருந்த அவன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆண்டவரே, கத்தியில எண்ணெய் தடவினது நான். சுத்தமா இருந்துச்சுன்னு பொய் சொன்னதும் நான். எனக்குக் கோபம் இருந்துச்சு, அதை உங்க தலையில கட்டிட்டேன்." நிறுத்தினாள். "எங்க அண்ணனை," என்று ஆரம்பித்தாள். அந்த இடத்தில் மறுபடி நின்றுபோனாள்.

இரண்டாவது திருகாணியும் கழன்றது. கதவுக்கு நடுவில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பிடியையும் தளர்த்தவில்லை.

"ம்," என்றான். "அண்ணனை? அப்புறம்?"